நாலடிக்குள் ஒரு வாய்

நொச்சிக்குறிச்சியில் இன்றைக்கும் யாராவது சபையில் சொல்லக்கூடாததைச் சொல்லி மாட்டிக்கொண்டால், "நான் எங்க சொன்னேன், பிரமசக்தியில்லா சொன்னா" என்று தப்பித்துக்கொள்வது வழக்கம், கேட்டவர்களும் அதற்குமேல் துருவுவதில்லை. பிரமசக்தி அந்த நேரத்தில் மூன்று தெரு தள்ளி உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள் என்பது சொன்னவருக்கும் தெரியும் கேட்டவருக்கும் தெரியும், ஆனால் ஓர் ஊருக்கு அப்படி ஒரு வசதி வாய்த்தபிறகு அதை யார் வேண்டாமென்பார்கள். அந்த வசதி ஊருக்கு வந்தது மாட்டாஸ்பத்திரி வழியாக.

மாற்றுத்திறனாளிகளுக்கான சமுதாயத் தொழில்நுட்ப மையம் என்று நீலப் பலகை எழுதி முடித்து, அதை எந்தக் கட்டடத்தில் மாட்டுவது என்று தேடியபோதுதான், ஊரில் பள்ளிக்கூடத்துக்கு ஆறு படி, பேரூராட்சி ஆபீசுக்கு ஒன்பது படி, நூலகத்துக்குப் பதினாலு படி, தபாலாபீசுக்குப் படி மூன்றுதான் என்றாலும் ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் என்பது எல்லோருக்கும் உறைத்தது. சக்கரம் ஏறுகிற மாதிரி சாய்தளம் உள்ள ஒரே கட்டடம் பாழடைந்து கிடந்த பழைய மாட்டாஸ்பத்திரி. மாடு படியேறாது என்று அந்தக் காலத்தில் எவனோ ஒரு புண்ணியவான் யோசித்துக் கட்டியிருந்தான், மனுசருக்காக அப்படி யோசிக்க அவனுக்குப் பிறகு யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. சாணி வாசத்தைச் சுண்ணாம்படித்துப் போக்கி, ஏழு கம்ப்யூட்டரை உள்ளே வைத்து, பலகையை மாட்டினார்கள். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் ஊர் அதை மாட்டாஸ்பத்திரி சென்டர் என்றே கூப்பிட்டது, அங்கே வருகிறவர்களும் அதற்காகக் கோபித்துக்கொள்ளவில்லை.

சென்டரை நடத்தியவர் பீர்முகமது சார். பிறவியிலேயே பார்வையில்லாதவர், திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டரே வாசித்துச் சொல்ல அதைக் காதில் வாங்கி விறுவிறுவென்று தட்டுகிறவர், எதையும் மூன்று தடவை சோதிக்காமல் நம்பமாட்டார். வீட்டில் சோறு வெந்துவிட்டது என்று சொன்னால் எந்தப் பருக்கையைப் பார்த்தாய் என்று கேட்பார் என்று அவர் சம்சாரமே சொல்வது உண்டு. அவரிடம் பார்வையில்லாத பெண்கள் இரண்டு பேர் வங்கித் தேர்வுக்குப் படித்தார்கள், காதும் கேளாத வாயும் பேசாத தையல்காரர் மாசானம் செல்போனில் எழுதிக் காட்டி அளவும் தேதியும் கேட்டுக்கொள்ளப் பழகினார், கால் விளங்காதவர்கள் அடுத்தவன் முன்னால் நிற்காமல் பஸ் பாஸுக்கும் அடையாள அட்டைக்கும் தாங்களே விண்ணப்பம் போட்டார்கள். அப்படி ஒரு நாள் பந்தல்காரர் குத்தாலிங்கம், தன்னுடைய லோடு ஆட்டோவில், அடுக்கிய பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே தங்கச்சியின் சக்கர நாற்காலியையும் கயிறு போட்டுக் கட்டி, அலுங்காமல் கொண்டுவந்து இறக்கினார்.

பிரமசக்திக்கு அப்போது முப்பத்தாறு வயது. பிறக்கும்போதே மூளைவாதம், கை ஒரு பக்கம் இழுக்கும், நாக்கில் சொல் திரளாது, தலை அதன் இஷ்டத்துக்கு ஆடும். ஆமென்றாலும் ஆடும், இல்லையென்றாலும் ஆடும், ஒன்றுமே இல்லையென்றாலும் ஆடும், வீட்டில் அந்த ஆட்டத்தை எப்போதும் 'சரி' என்றே எடுத்துக்கொண்டார்கள். பச்சைச் சேலை எடுக்கட்டுமா, சரி; கோயில் கொடைக்கு உன்னைக் கூட்டிப்போகவில்லை, வருத்தம் இல்லையே, சரி; இன்னொரு கரண்டி உப்புமா, சரி. உடம்பில் அவள் சொல்பேச்சைக் கேட்டது ஒரே ஒரு இடம், இடது கால் பெருவிரல்.

பீர்முகமது சார் அந்தப் பெருவிரலைக் கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. விரலுக்கடியில் சிவப்பாக, தோசைக்கல் கைப்பிடியளவு ஒரு பொத்தானை வைத்தார், நாற்காலிக் கையில் ஒரு டேப்லெட்டைப் பொருத்தினார். திரையில் எழுத்துகள் வரிவரியாக ஒளிரும், வேண்டிய எழுத்து ஒளிரும்போது அழுத்தினால் அது பதியும், சொல் சேர்ந்ததும் மிஷினே ஒரு பெண்குரலில் பேசும் என்பது ஏற்பாடு. எழுத்தை முதலில் சொல்லித்தரவேண்டும் என்று அவர் நினைத்திருந்தார். ஆனால் அண்ணன் அந்தக் காலத்தில் சத்தம்போட்டுப் படித்த பாடங்களிலிருந்தும், பொட்டலம் கட்டி வந்த தாள்களிலிருந்தும் அவள் எப்போதோ படித்து முடித்திருந்தாள், யாரும் கேட்கவில்லை, அவளாலும் சொல்ல முடியவில்லை.

பதினோராம் நாள் செவ்வாய்க்கிழமை, டீக்கடை ஆறுமுகநயினார் தூக்குச்சட்டியோடு வந்து எல்லோருக்கும் ஊற்றிக்கொடுத்துவிட்டு, பிரமசக்தியின் மூக்கு வைத்த கிண்ணத்தை நிரப்பக் குனிந்தபோது, அவருடைய வாய் அவருடைய கரகரத்த குரலில் சொன்னது: "அண்ணாச்சி, டீல இம்புட்டுச் சீனி போடாதீங்க. பாவம்னு நெனச்சு ஆளாளுக்கு ரெண்டு கரண்டி கூடப் போடுதிய. எனக்குக் கொமட்டுது."

டேப்லெட்டிலிருந்து சத்தமே வரவில்லை. ஆறுமுகநயினார் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார், தன் மீசையை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார், பிறகு அவருக்கே உரிய சொல்லில், "அதுக்கென்னம்மா, நாளைலேருந்து குறைச்சுக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுத் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போனார். அடுத்த நாள் டீயில் சீனி அரைக் கரண்டிதான் இருந்தது.

பீர்முகமது சாருக்கு அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை, பயத்தினால் அல்ல, ஆவலினால். மாசானத்தின் தையல் டேப்பை வாங்கி, பார்வையுள்ள ஒருவரை வைத்து அளக்கச் சொல்லி, ஆட்களை மாற்றி மாற்றி நிறுத்திச் சோதித்தார். பிரமசக்தி எழுதுவது, அவளுக்கு நாலடிக்குள் யார் மிக அருகில் நிற்கிறாரோ அவர் வாயில், அவர் குரலில் வந்தது. நாலடிக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றால் வரவில்லை. எழுத்து திரையில் தங்கவும் இல்லை, அழுத்திய மாத்திரத்தில் கஞ்சியில் போட்ட உப்பாகக் கரைந்தது, அதனால் அதை வாசித்துவிடலாம் என்ற வழியும் அடைபட்டது. பக்கத்தில் யாருமே இல்லாவிட்டால் பொத்தானின் 'டிக்' தவிர உலகத்தில் வேறு சத்தம் இல்லை. ஆட்டுக்குட்டியை நிறுத்திப் பார்த்தார், அது தழை தின்றதே தவிரப் பேசவில்லை. ஒரு பெண் இடுப்பில் ஆறுமாதக் கைக்குழந்தையோடு வந்தாள், குழந்தை எட்டிப் பொத்தானைப் பார்க்கக் குனிந்த நேரத்தில், "இவனுக்குக் காதுக்குப் பின்னால எறும்பு கடிச்சிருக்கு, அதான் அழுதான்" என்று மழலைகூட இல்லாமல் தெளிவாகச் சொன்னது, தாய்க்காரி பிள்ளையின் காதை மடக்கிப் பார்த்து ஆமாம் என்றாள். சார் இதையெல்லாம் 'வாய்' என்று பெயரிட்ட ஒரு கோப்பில் தேதி போட்டு ஏற்றினார். மிஷின் வாங்கிய கம்பெனிக்கும் போன் போட்டார். "வேலை செய்யுதா, செய்யலையா சார்?" என்று அங்கே ஒருவர் கேட்டார். "செய்யுது." "பெறகென்ன சார்" என்று அவர் வைத்துவிட்டார்.

ஊர் முதலில் ஒதுங்கியது. பிரமசக்தியின் நாற்காலி சந்தைக்குள் வந்தால் அதைச் சுற்றி நாலடிக்கு ஒரு வட்டம் காலியாக நகர்ந்தது; அவரவர் வாய்க்குள் அவரவருக்கே தெரியாத என்னென்ன கிடக்கிறதோ என்ற பயம். அப்புறம் அது அம்மன் அருள் என்று ஒரு பேச்சு கிளம்பியது, எலுமிச்சம்பழத்தோடு பெண்கள் வந்து நாலடிக்குள் உட்கார்ந்து, என் மகளுக்கு எப்போது தாலி பாக்கியம், தொலைந்த மூக்குத்தி எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டார்கள், கேட்ட அதே வாயால் "எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று பதிலும் சொல்லிக்கொண்டு எழுந்து போனார்கள். பத்து நாளில் எலுமிச்சம்பழம் வருவது நின்றது.

அதன்பிறகுதான் உண்மையில் என்ன நடக்கிறது என்று ஊர் கவனித்தது. பிரமசக்திக்குச் சொல்வதற்கு இருந்ததைவிடக் கேட்பதற்குத்தான் நிறைய இருந்தது, முப்பத்தாறு வருசக் கேள்விகள். கத்தரிக்காய்க்குக் காம்பில் எதற்கு முள், ராக்கெட் போனால் திரும்பி எப்படி இறங்குகிறது, மீசை முளைக்கும்போது உறுத்துமா, பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே எப்படித் தூங்குகிறீர்கள், தேங்காய்க்குள் தண்ணீரை யார் விட்டது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தன் வாயாலேயே கேட்டுத் தன் வாயாலேயே பதில் சொல்லிக்கொண்டிருப்பதைப் பார்ப்பது ஊருக்குப் பழகிப்போயிற்று. பதில் தெரியாதவர்கள் வீட்டுக்குப் போய் விசாரித்துக்கொண்டு மறுநாள் வந்து சொன்னார்கள். கத்தரிக்காய் முள்ளைப் பற்றி வேளாண்மை அதிகாரியிடமே மனு கொடுத்தார் ஒருவர். வாய் கொடுக்க வருகிறவர்கள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் நாலடிக்குள் கால் வைக்கவேண்டும் என்று ஒரு மரியாதை தானாகவே உண்டாயிற்று, சென்டர் வாசலில் ஒரு குடமும் தம்ளரும் வந்து உட்கார்ந்தன. வாயில் வந்த பேச்சுக்கு வாய்க்குச் சொந்தக்காரன் பொறுப்பில்லை என்றும் ஊர் பேசி முடிவு செய்தது. அந்த முடிவை ஊர் பிறகு எப்படியெல்லாம் துஷ்பிரயோகம் செய்தது என்பதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன்.

குடத்தைக் கொண்டுவந்து வைத்தவள் மாசானத்தின் தாய் முப்பிடாதி. ஒரு நாள் பொத்தானுக்குத் துணியுறை தைக்க அளவெடுக்கக் குனிந்த மாசானத்தின் வாய், நாற்பத்தைந்து வருசமாகத் திறந்து மூடியதே தவிரச் சொல் அறியாத வாய், "ஊசி குத்திராம அண்ணே" என்றது. குரல் கட்டையாக, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, நல்ல ஆம்பிளைக் குரல். மாசானத்துக்குத் தன் குரல் கேட்கவில்லை, ஆனால் தொண்டையில் ஏதோ நடுங்கியதை உணர்ந்து கையை வைத்துப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு செல்போனில் எழுதிப் பிரமசக்தியிடம் ஒரு விண்ணப்பம் காட்டினார். மறுநாள் முப்பிடாதியைக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்தார்கள். பிரமசக்தி மூன்றே மூன்று தடவை அழுத்தினாள். மாசானத்தின் வாய் "அம்மா" என்றது.

முப்பிடாதி அழவில்லை. "இவன் குரல் இவன் அப்பன் மாதிரி இருக்கும்னு நெனச்சேன், இல்ல, எங்க அண்ணன் மாதிரில்லா இருக்கு" என்று ஆச்சரியப்பட்டாள், இன்னொரு தடவை சொல்லச் சொல் என்றாள், அதன்பிறகு வாரத்துக்கு ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போனாள்.

ஊர் முழுக்க நெருங்கி வந்தபோது ஒரே ஓர் ஆள் மட்டும் விலகிப் போனார். அது பிரமசக்தியின் அண்ணன்.

குத்தாலிங்கம் கெட்டவர் இல்லை என்று சொல்லிவிடவேண்டும். அம்மா செத்த ஒன்பது வருசமாக, கல்யாண வீட்டுப் பந்தலோ சாவு வீட்டுப் பந்தலோ எங்கே வேலை நடந்தாலும், ராத்திரிச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்து, தங்கச்சி பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து தன் கையால் ஊட்டிவிட்டுத்தான் அவர் சாப்பிட்டார். டேப்லெட் வீட்டுக்கு வந்த முதல் நாள், பெண்டாட்டி செண்பகம் இருக்க, பிள்ளைகள் இரண்டும் இருக்க, மூன்றாவது கவளத்தை உருட்டும்போது அவர் வாய் சொன்னது: "அண்ணே, மெதுவா. எனக்கு மூச்சு முட்டுது. ஒன்பது வருசமா முட்டுது."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்ல வழி வந்ததும் சொன்னாள், அவ்வளவுதான். அடுத்தாற்போல "மத்தபடி நீ ஊட்டுனாத்தான் எனக்குச் சோறு ருசிக்கும்" என்று எழுத அவள் விரல் ஏற்கெனவே முதல் எழுத்துக்குக் காத்திருந்தது. ஆனால் குத்தாலிங்கம் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். மறுநாளிலிருந்து செண்பகம்தான் ஊட்டினாள். அவர் தங்கச்சியின் அறை வாசலோடு நின்று, சாப்பிட்டாச்சா என்று கேட்பார், தலை ஆடும், போய்விடுவார். எட்டு மாதம் அவர் நாலடிக்குள் வரவில்லை. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வாக்கியத்தைப் பிரமசக்தி தினமும் அவர் வாசலில் நிற்கிற நேரத்தில் எழுதினாள், டிக், டிக், டிக், அது யார் வாய்க்கும் எட்டாமல் கரைந்தது, டிக் சத்தம் மட்டும் அவர் காதுக்குப் போயிருக்கும். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்தது, கோபத்தைவிட ஏக்கம் வந்தது.

மாசி மாதத்தில் ஒரு நாள் எஞ்சினியர் வீட்டுக்கு வந்து, பிரமசக்தியின் நாற்காலிக்கு முன்னால்தான் வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று தரையில் ஒரு பெரிய நீலத் தாளை விரித்துவிட்டு, குத்தாலிங்கத்தோடு கொல்லையை அளக்கப் போனார். அது புதிதாகக் கட்டப்போகிற வீட்டின் படம். அவளுக்குப் படம் பார்க்கத் தெரியும் என்று யாரும் நினைக்கவில்லை. கீழே பந்தல் சாமான் குடோன், பக்கத்தில் லோடு ஆட்டோ நிற்க இடம், மேலே அடுப்படி, கூடம், அண்ணன் மயினி படுக்கிற அறை, பிள்ளைகள் அறை, சாமி அலமாரி, மாடிப்படிக்கு அடியில் செருப்பு வைக்க ஒரு சதுரம். அவள் ஆர்வத்தோடு ஒவ்வொரு கோடாகப் போய் வந்தாள். இரண்டாம் தடவை போய் வந்தாள். தன்னுடைய அறையைக் காணவில்லை.

செண்பகம் ஊட்டும்போது, செண்பகத்தின் வாயாலேயே கேட்டாள்: "மயினி, படத்துல நான் எங்க இருக்கேன்?" செண்பகம் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே திரும்பப் போட்டாள். "வீட்டு லோனுக்குப் பேங்க்ல பத்திரம் ஒரே பேர்ல இருக்கணும்ங்கான் பிள்ள. வீடு உங்க ரெண்டு பேருக்கும் பொதுவுல்லா. நீ உன் பங்கை விட்டுக்கொடுத்துக் கைநாட்டு வச்சா ஆச்சு. டவுன்ல ஒரு இல்லம் இருக்காம், உன்னை மாதிரி இருபது பேரு இருக்காகளாம், நல்லாப் பாத்துக்கிடுதாகளாம். உன்னைக் கேட்டுட்டோம்னு உங்க அண்ணன் சொன்னாக. நீ சரின்னு தலையாட்டுனியாமே."

மறுநாள் சென்டரில் பீர்முகமது சாரின் வாயை வாங்கிப் பிரமசக்தி எல்லாவற்றையும் சொன்னாள். சார் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு முடித்துவிட்டு, "உனக்கு இஷ்டம் இல்லன்னா கைநாட்டு வைக்காத" என்றார். "அண்ணன் என் கையைப் பிடிச்சு வச்சா விலக்க முடியாது சார். கேட்டா என் தலை ஆடும்" என்று அதே வாய் பதில் சொன்னது. சார் 'வாய்' கோப்பைத் திறந்து அதில் அன்றைய தேதியைப் போட்டார். "சரி, நானும் வாரேன்" என்றார்.

பத்திர ஆபீசுக்கு ஐந்து படி. பந்தல் வேலையாட்கள் இரண்டு பேர் நாற்காலியைத் தூக்கி ஏற்றினார்கள், சாட்சிக் கையெழுத்தும் அவர்கள்தான். குத்தாலிங்கம் வெள்ளை வேட்டி கட்டி, முகத்தைச் சவரம் செய்து, உள்ளே வராமல் நிலைப்படிக்கு வெளியே நின்றார். பத்திர எழுத்தர் நெல்லையப்பன் தாள்களை மேசையில் அடுக்கினார். சார்பதிவாளர் அம்மா வேறு மாவட்டத்திலிருந்து வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"பிரமசக்தி, உங்க பங்கை முழுமனசோட விட்டுக்கொடுக்கறீங்களா?"

"பாருங்கம்மா, தலையாட்டுதாங்க" என்றார் நெல்லையப்பன்.

"தலை இவங்க உள்ள வந்ததிலேருந்து ஆடிக்கிட்டுதான் இருக்கு. நான் கேக்கறதுக்கு முன்னாடியே ஆடிச்சே" என்றார் சார்பதிவாளர். "இவங்க பேசுவாங்கன்னு டீக்கடையிலேயே சொன்னாங்க. பேசட்டும். பக்கத்துல யாரு நிக்கறது?"

அங்கேதான் சிக்கல் வந்தது. நெல்லையப்பன் பத்திரம் எழுதியவர், அவர் வாயில் வந்தால் நாளைக்குக் கேள்வி வரும். பீர்முகமது சார் சென்டர்காரர், சொல்லிக்கொடுத்துச் சொன்னார் என்று வரும். வேலையாட்கள் முதலாளிக்குப் பயந்தவர்கள் என்று வரும். கேள்வி கேட்கிற அதிகாரியின் வாயிலேயே பதிலும் வந்தால் எந்தச் சட்டமும் ஏற்காது. ஆளுக்கு ஆள் நியாயம் பேசிக்கொண்டே, ஒழுங்குக்காகவே, மரியாதைக்காகவே, ஓரோர் அடியாகப் பின்னால் நகர்ந்தார்கள், கடைசியில் அந்த நெருக்கடியான அறைக்குள் பிரமசக்தியைச் சுற்றி நாலடிக்குச் சுத்தமாக ஆள் இல்லாமல் ஆயிற்று. "இப்ப சொல்லுங்கம்மா" என்றார் சார்பதிவாளர்.

பிரமசக்தி எழுதினாள். எனக்குச் சம்மதம் இல்லை என்று ஒவ்வோர் எழுத்தாகத் துரத்திப் பிடித்து எழுதினாள், டிக், டிக், டிக், வியர்த்தது, விரல் சுளுக்கியது, எழுத்து கரைந்தது. சத்தம் இல்லை. திரும்ப எழுதினாள். எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், மின்விசிறி சுற்றியது. அவளுக்குப் பயம் வந்தது; வாய் இல்லாமல் முப்பத்தாறு வருசம் இருந்தபோதுகூட வராத பயம், ஏனென்றால் அப்போது அவளிடம் யாரும் கேட்டு நின்றதில்லை.

"அஞ்சு நிமிசம் ஆச்சும்மா. மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்க. ஆட்சேபணை இல்லன்னு எழுதிக்கிடலாமே" என்றார் நெல்லையப்பன். சார்பதிவாளர் தயங்கினார், பேனா மூடியைத் திறந்தார்.

"அம்மா, அந்தப் பிள்ளை பேசிக்கிட்டேதான் இருக்கு" என்று பீர்முகமது சார் சுவரோரத்திலிருந்து உரக்கச் சொன்னார். "உங்களுக்கு டிக் டிக்னு சத்தம் கேக்கலையா?"

கேட்காமல் இருக்குமா. மூன்றாம் தடவையாக அவள் எழுதிக்கொண்டிருந்தாள். குத்தாலிங்கம் செய்யவேண்டியது எதுவுமே இல்லை, நின்ற இடத்தில் இன்னும் ஒரு நிமிசம் நின்றால் போதும், வீடு அவர் பேருக்கு வந்துவிடும். பிரமசக்தி தலையை அடக்க முடியாமல் ஆட்டிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு நின்றார், டிக் சத்தம் வரும்போதெல்லாம் அவர் இமை துடித்தது. பிறகு அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியைத் தாண்டினார். "அண்ணாச்சி, நீங்க போகாதீங்க, போகாதீங்க" என்று நெல்லையப்பன் கையைப் பிடித்தார், குத்தாலிங்கம் உதறிவிட்டு, காலியாகக் கிடந்த அந்த நாலடிக்குள் வந்து, தங்கச்சியின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். எட்டு மாதத்துக்குப் பிறகு அவருடைய பந்தல்துணி வாசம் அவளுக்கு வந்தது.

சார்பதிவாளர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து, பிரமசக்தியின் காலைப் பார்க்கத் தோதாக நின்றுகொண்டார்.

"அண்ணே" என்றார் குத்தாலிங்கம், தன்னைத்தானே கூப்பிடுகிற மாதிரி. "எனக்குச் சம்மதம் இல்ல." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, வாய் அதுபாட்டுக்கு நிதானமாக, எழுத்து எழுத்தாகக் காத்திருந்து சொன்னது: "அந்தப் படத்துல நான் இல்ல. ரெண்டு தடவ தேடிட்டேன். நம்ம வீட்டுல எனக்கு ஒரு ரூம் வேணும். சின்னதா இருந்தாலும் போதும். நான் எங்கயும் போகமாட்டேன்."

சார்பதிவாளர் திரும்பி, பத்திரத்தின் குறுக்கே கோடு போட்டு, 'எழுதிக்கொடுப்பவர் மறுத்தார்' என்று எழுத ஆரம்பித்தார். பிரமசக்தி சொல்ல நினைத்ததைச் சொல்லி முடித்திருந்தாள். இனி அண்ணன் எழுந்து போய்விடுவார் என்று அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழவில்லை. அவர் வாய் மறுபடியும் திறந்தது.

"சின்னதா எதுக்கு? தெருவைப் பாத்து ஒரு சன்னல் வச்சுக் கட்டணும். நல்ல அகலமா. போற வாற ஆளு நின்னு பேசிட்டுப் போற மாதிரி."

பிரமசக்திக்குத் தூக்கிவாரிப்போட்டது. சன்னல் கேட்கலாம் என்றே அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை.

சார்பதிவாளரின் பேனா நின்றது. "கடைசியா சொன்னது யாரு?" என்று கேட்டார்.

குத்தாலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். பிரமசக்தி, அறையில் உள்ள எல்லோருக்கும் தெரியும்படி, பொத்தானிலிருந்து தன் இடது கால் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள்.